பச்சைப் புள்ளிகள்

இணைய ஆய்வு முறைகளுக்கான பாடத்திட்டத்தில் உதாரணமாகச் சேர்க்க, பேராசிரியை மங்களேஸ்வரி பொய்ப்பெயரில் ஒரு இணையக் குழுவில் சேர்ந்தாள். தூக்கம் வராதவர்களின் குழு அது. எல்லோரும் அன்பாக விசாரித்தார்கள். “எப்பத்துல இருந்துங்க? அவசரமில்ல, மெதுவா சொல்லுங்க.” ஆனால் யாரும் தன் கதையைச் சொல்லவில்லை. அவளுக்குப் பொறி தட்டியது. அவசரப்படுத்தாமல் கேட்க வேண்டும், பதில் வந்ததும் பேசிவிடக் கூடாது, நாம் மௌனமாக இருந்தால் சொல்பவரே மேலும் சொல்லுவார் என்று அவளே பாடத்தில் எழுதியிருந்தாள்.

“அத்தனை பேரும் நம்மள மாதிரி ஆய்வுக்கு வந்தவங்க ஜெபா.”

பக்கத்து மேசை ஜெபராணி அவள் சிவந்த கண்களைப் பார்த்துச் சிரித்தாள். “அப்போ நெசமாவே தூங்காதவ அங்க நீ ஒருத்திதான்டி.”

மங்களேஸ்வரி சிரிக்கவில்லை. கணவர் இறந்த ஆனி மாதத்திலிருந்து அவள் சரியாகத் தூங்கியதில்லை. ஜெபராணி வகுப்புக்குப் போனதும், “எனக்கு நெசமாவே தூக்கம் வரல” என்று குழுவில் தட்டினாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு அனுப்பிவிட்டாள்.

ஒரு பதிலும் வரவில்லை. பெயர்களுக்குப் பக்கத்தில், ஆள் இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளிகள் மட்டும் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.