ஆர்க்கிட் வெளிச்சம்

ஓசூரில் ஆர்க்கிட் வளர்க்கும் குடியிருப்புகளில் ஜன்னல் கிடையாது. பூக்களுக்கு அளந்து கொடுக்கும் இளஞ்சிவப்பு வெளிச்சத்தில்தான் மனிதர்களும் வாழ வேண்டும். வேறு விளக்குக்கு அனுமதி இல்லை. ரெஜினா பிரசவம் முடிந்த மூன்றாம் நாளே குழந்தையோடு அங்கே திரும்பியிருந்தாள்.

குழந்தை பிறந்து ஐந்து நாளாகிவிட்டது. சரியாகப் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது.

"ரோஜா மாதிரி இருக்கா. நீதான் வீணா பயப்படுறே," என்றான் கணவன் தேவசகாயம்.

அன்று காலை செடிகளைச் சோதிக்கும் பெண் அதிகாரி வந்தாள். அந்த வெளிச்சத்தில் இலை பழுத்தாலும் தெரியாது என்பதால் அவளிடம் மட்டும் ஒரு வெள்ளை டார்ச் இருந்தது. ஒவ்வொரு இலையின் மேலும் அதை அடித்துப் பார்த்தாள். அதுவரை மற்றவை போலவே தெரிந்த இரண்டு இலைகள் நல்ல மஞ்சளாக இருந்தன.

ரெஜினா தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "மேடம், அந்த லைட்டைக் கொஞ்சம் என் பிள்ளை மேல அடிங்க."

"செடிக்கு மட்டும்தாம்மா அனுமதி."

ரெஜினா டார்ச்சைப் பிடுங்கித் தொட்டிலுக்குள் அடித்தாள். முகம், வயிறு, உள்ளங்கால் வரை மஞ்சள். இமையை விலக்கினாள். கண்ணும் மஞ்சள்.

தேவசகாயம் குழந்தையை வாரிக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

மருத்துவமனையில் நர்ஸ் குழந்தையின் கண்களை மறைத்துக் கட்டி, மஞ்சள் காமாலைக்கான நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தாள்.

"ரெண்டு நாள் முன்னாடியே வந்திருக்கணும்."

நீல வெளிச்சத்தில் மஞ்சள் குறைகிறதா என்று தெரியவில்லை. ரெஜினா கண்ணாடித் தடுப்பில் நெற்றியை அழுத்தி அந்தச் சின்ன வயிற்றையே பார்த்தாள். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறும்வரை அவள் மூச்சுவிடவில்லை.