சமையக்கட்டு வரைக்கும் கேக்கணும்

"உங்க ஹால் ஸ்பீக்கருக்கு ஐம்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரே தாராளம் சார்," என்றார் கடைக்காரர்.

"பத்தாதுங்க. இப்ப இருக்கறதுல வயலின் காதுலயே விழல. இதே விலையில நூறு வாட்ஸ் பாருங்க."

கடைக்காரர் உதவிக்கு வாடிக்கையாளரின் மனைவியைப் பார்த்தார். வழக்கமாக இந்தக் கட்டத்தில் மனைவிகள் கணவனைக் கடையை விட்டு இழுத்துக்கொண்டு போவார்கள்.

"நூறே குடுங்கண்ணா. சமையக்கட்டு வரைக்கும் கேக்கணும்," என்றாள் அவள்.

"பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டாரா?"

"அவரா? எங்களைத் தலைமேல தூக்கிவச்சுக் கொண்டாடுவார்!"

ஒருவழியாகப் பேரம் படிந்தது.

"வீட்டுக்கே வந்து மாட்டித் தரட்டுமா?"

"வேணாம். கலர் பேப்பர் சுத்திக் குடுங்க. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறந்தநாள்."

"அப்ப உங்க ஸ்டீரியோவுக்கு?"

"எங்ககிட்ட ஏதுங்க ஸ்டீரியோ? அவர் போடற பாட்டைத்தான் செவுத்துல காதை வச்சுக் கேக்கறோம். இவளுக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு!"