காலராக் கடிதம்

குத்து இரண்டு. இரண்டுமே முன்பக்கம் நுழைந்து முதுகு வழியாக வெளியே வந்திருந்தன. ஹில்டிங் பூதக்கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோய், கறுத்திருந்த ஓரங்களைப் பார்த்தார்.

"உளிதானே?" என்றாள் குன்வோர்.

"உளிதான்."

மேசைமேல் கிடந்தது ஒரு கடிதம். 1834-இல் கோத்தன்பர்க் துறைமுக நகரில் காலரா பரவியபோது, அங்கிருந்து வெளியூர் போன கடிதங்களை உளியால் குத்தி, அந்த ஓட்டை வழியே உள்ளே புகை போகவிட்டு, பிறகுதான் தபால்காரர்கள் கையால் தொட்டார்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் போதும், பழைய தபால் சேகரிப்பவர்கள் ஊண் உறக்கம் மறந்துவிடுவார்கள். இது குன்வோரின் கணவர் ஏவர்ட் சேகரித்தது.

"சனிக்கிழமை கிளப்ல அவர் நினைவா கண்காட்சி வைக்கறாங்க. வந்து பீரோவைக் குடைஞ்சு இதை எடுத்துட்டாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், யார் கேக்கறாங்க? இதுதான் முதல்ல இருக்கணுமாம், உங்க சான்றிதழ் மட்டும்தான் பாக்கியாம்."

"ம்."

"நீங்க கையெழுத்துப் போட்டா, அந்தக் காலத்து போஸ்ட்மாஸ்டரே கல்லறையிலேருந்து எழுந்து வந்து சாட்சி சொன்ன மாதிரின்னு செயலாளர் சொல்றார்."

ஹில்டிங் சிரிக்கவில்லை. ஏவர்ட்டை அடக்கம் செய்த நாளிலிருந்து அவருக்கு எதுவும் உறைப்பதே இல்லை. பால்ய நண்பனின் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது ஊரே அழுதது, இவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் நின்றார். இப்போது குன்வோர் வைத்த இலவங்கப்பட்டை ரொட்டியும் வாயில் அட்டைபோல்தான் இருந்தது.

பூனை மேசைமேல் தாவி, கடிதத்துக்கு நேராக மூக்கை நீட்டியது.

"மொன்ஸ், இறங்கு!" குன்வோர் அதைத் தூக்கிக் கீழே விட்டாள். "இந்த வீட்டுக்கு எந்தப் பூனை வந்தாலும் இதைத்தான் மோந்துக்கிட்டு நிக்கும். அதனாலேயே பீரோ உச்சியில வெச்சிருந்தார். ஒரு கண்காட்சிக்கும் கொண்டு போனதில்ல. ஏன்னு கேட்டா சிரிப்பார்."

"இதை வெச்சிருந்தா தங்கப் பதக்கமே கிடைச்சிருக்கும்."

"தெரியும். கடைசி வரைக்கும் வெள்ளிதான்."

ஹில்டிங் பேனாவைத் திறந்தார். 'அசல்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். செத்தவன் வந்து கேட்கப்போவதில்லை, ஊரில் இவருக்கு மேல் தெரிந்தவரும் இல்லை.

இருக்கும்போது அவனை ஏமாற்றியது போதாதா? செத்த பிறகும் அவன் பெயரைப் போட்டு, ஊர் பார்க்கும்படி ஏமாற்ற வேண்டுமா? பேனாவை மூடிவிட்டார்.

"குன்வோர், இது போலி."

"எப்படிச் சொல்றீங்க?"

"செஞ்சவனைத் தெரியும்."

"யாரு?"

"நான்தான்."

ஹில்டிங் யாருடைய கதையையோ வாசிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனார்.

"கப்பல் பட்டறையை மூடின குளிர்காலம். வேலை போச்சு, வாடகைக்கு வழியில்ல. வீட்ல உருளைக்கிழங்கைத் தவிர ஒண்ணும் கிடையாது. ஏவர்ட் வந்து, 'டேய், ஏதாவது வேணுமாடா?'ன்னு கேட்டான். 'எனக்கென்னடா குறைச்சல், உன் வேலையைப் பாரு'ன்னு முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினேன். அடுத்தவன்கிட்ட கை நீட்டறதுன்னா எனக்கு உயிரே போயிடும்."

"அப்புறம்?"

"அந்த 1834-ஆம் வருஷத்துச் சாதாரணக் கடிதம் ஒண்ணு கையில இருந்துச்சு. உளியை எடுத்துக் குத்தினேன். புகைக்கு எங்க போறது? கடலோரக் குடில்ல விலாங்கு மீனைப் புகை போடற பெட்டி இருந்துச்சு, அதுல தொங்கவிட்டேன். மறுநாள் ஏவர்ட்கிட்ட கொண்டு போய், காலராக் கடிதம்டா, உனக்காகத்தான் விக்கறேன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"முகத்துக்கிட்ட வெச்சு ரொம்ப நேரம் பார்த்தான். பேரம்கூடப் பேசாம, கேட்டதைக் கொடுத்துட்டான். 'நல்ல சரக்குடா'ன்னு தோளைத் தட்டினான். அந்தக் குளிர்காலம் முழுக்க அதுலதான் எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுது."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். ஹில்டிங் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்னை நம்பினவன் கழுத்தை அறுத்துட்டு, இத்தனை வருஷம் அவன் வீட்டுக் காபியையும் குடிச்சிருக்கேன். இன்னிக்கு ஊரே என் கையெழுத்தை நம்புது. சனிக்கிழமை எல்லார் முன்னாலயும் நீங்களே சொல்லிடுங்க, குன்வோர்."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தார். ஒன்றும் இறங்கவில்லை. வெட்கம்கூட வரவில்லை, உடம்பு கட்டைபோல் கிடந்தது.

குன்வோர் சான்றிதழ்த் தாளை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு ஆறிப்போன கோப்பையை நகர்த்திவிட்டு, வேறொன்றில் சூடாகக் காபி ஊற்றி அவர் கைக்குள் வைத்தாள்.

"பூனைக்கே தெரியற விலாங்கு வாசனை அவருக்குத் தெரியாமலா போயிருக்கும்? சும்மா கொடுத்தா நீங்க வாங்க மாட்டீங்கன்னுதான் ஹில்டிங், அவர் அதை வாங்கினார்."