வெள்ளிக்கிழமை நரி

"நாலு வெள்ளிக்கிழமையா பார்க்கிறேன், ஷம்சாத். நான் ஜும்மா தொழுதுட்டு வர்றதுக்குள்ள ஒரு கோழி காணாமப் போயிடுது. நரி காலண்டர் பார்த்தா வருது?"

"அதை நரிகிட்டதான் கேக்கணும் மச்சான். வாங்க, பிரியாணி ஆறுது."

கவலையிலும் ஜமீல் இரண்டாவது லெக்பீஸைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் சந்தேகம் தீரவில்லை. டெக்சாஸில் ஐந்து ஏக்கர் வாங்கி, ஒவ்வொரு கோழிக்கும் பெயர் வைத்து வளர்ப்பவர் அவர். அறுக்கலாமா என்று யாராவது கேட்டால் அன்றோடு பேச்சு நின்றுவிடும்.

பேரல், ஸ்கோப் என்று தனித்தனியாக வரவழைத்து, நரிக்கென்றே ஒரு சின்ன ரைஃபிளைக் கராஜில் தானே பொருத்தினார்.

அடுத்த வெள்ளி, தொப்பி போட்டுக் கிளம்பியவர் காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, ஜும்மா தவறுகிற உறுத்தலோடு வைக்கோல் கட்டுக்குப் பின்னால் வந்து படுத்தார்.

கூட்டின் கதவு அசைந்தது. ஜமீல் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

தெரிந்தது மருதாணி போட்ட ஒரு கை. அதில் அவருடைய செல்லக் கோழி மும்தாஜ் தலைகீழாகத் தொங்கியது.

"ஷம்சாத்!" ரைஃபிளைப் போட்டுவிட்டு எழுந்தார்.

அவள் பெருமூச்சோடு கோழியைக் கீழே விட்டாள்.

"ஜும்மாவுக்குப் போகலையா மச்சான்? அப்ப இன்னைக்குக் குஸ்காதான்."