கோணல் வகிடு

மனைவி லோகப்பிரியா இறந்த பிறகு, கிருபாசங்கர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய முதல் பயணம் அது. வாடகைக் கேரவனில் ஏசி ஓடவில்லை. தீபக் வாந்தியெடுத்தான். வர்ஷினி தலைசீவ விடாமல் வழியெல்லாம் அழுதாள். பல்லடத்தில் வண்டியை ஓரங்கட்டி, கதவைச் சாத்திவிட்டுப் பால் வாங்க இறங்கினான்.

திரும்பி வந்தபோது தீபக் தூங்கிக்கொண்டிருந்தான். வர்ஷினிக்கு இரட்டைச்சடை பின்னியிருந்தது.

“யாரு கண்ணு பின்னிவுட்டது?”

“அம்மாதானுங்கப்பா. நீங்க வாரீங்கன்னு எறங்கிப் போயிட்டாங்க.”

வகிடு லோகப்பிரியா எடுப்பதுபோலவே லேசாகக் கோணியிருந்தது. அவன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான்.

அடுத்த ஊரில் வாங்க ஒன்றுமில்லை. ஆனாலும் வண்டியை நிறுத்தினான். கதவைத் திறந்தே வைத்துவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றான். உள்ளே வர்ஷினி சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை.