மைனஸ் எட்டில் எந்தப் பசை

ரிக்கார்ட் கையுறையைக் கழற்றாமலேயே செங்கல் சுவரைத் தட்டிப் பார்த்தான். குதிரையின் விலாவைத் தட்டுவதுபோல. மிருக வைத்தியனுக்கு வேறெப்படித் தட்டத் தெரியும்.

"நான் ஒரு வீடியோ பார்த்தேன். செங்கல்லுக்கு சிலிகான்தான் சரியாம்."

குன்னெல் பையிலிருந்து கம்பித் தூரிகையை எடுத்தாள். இருபத்தாறு வருஷமாகச் சுன்ஸ்வால் நகரத்துச் சுவர்களில் பெயர்ப்பலகை பொருத்துகிறவள். வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் வாயைக் கொடுப்பதில்லை.

மைனஸ் எட்டு. இந்தக் குளிரில் செங்கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத உறைபனி படிந்திருக்கும். அதன் மேல் எதைத் தடவினாலும் பனியில்தான் ஒட்டும், சுவரில் ஒட்டாது. இது தெரியாத மனிதன் ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பி வந்து சிலிகான் பற்றிப் பாடம் எடுக்கிறான்.

நூறு வருஷச் செங்கல்லில் துளை போடக் கூடாது என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார். ஆகவே பசைதான்.

அவள் கம்பித் தூரிகையால் தேய்த்தாள். வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் செங்கல் வெளுக்கும்வரை உலர்த்தினாள். உடம்புச் சூட்டில் இளகியிருக்கட்டும் என்று கோட்டுக்குள் வைத்திருந்த பசைக் குழாயை எடுத்து, பசை பிழியும் விசைக்கருவியில் மாட்டினாள். உறைகுளிரிலும் இறுகுகிற ரகம்.

ரிக்கார்டின் கையில் இரண்டு பலகைகள் இருந்தன. இணையத்தில் மலிவாக அடித்து வரவழைத்தவை. ஒன்றில் அவன் பெயர், கொட்டை எழுத்தில். மற்றதில் தோவா என்றொரு பெயர்.

"என் பேரு நான் சாகற வரைக்கும் விழக் கூடாது" என்றான்.

"விழாது. பிடுங்கணும்னா செங்கல்லோட தோலும் சேர்ந்துதான் வரும்."

"அப்போ இன்னொண்ணுக்கு வேற ஏதாவது போடுங்க. கோடைக்குள்ள எடுத்துடுவேன். தடம் தெரியக் கூடாது."

"கிளினிக் பார்ட்னர் இல்லையா?"

"இப்போதைக்குப் பார்ட்னர்." சிரித்தான். "எக்ஸ்ரே மெஷின், ஆபரேஷன் மேசை எல்லாம் அவதான் வாங்கிப் போடறா. அப்பா விட்டுட்டுப் போன காட்டை வித்து. அதெல்லாம் உள்ள வந்துட்டா அப்புறம் ஆள் எதுக்கு? ஒப்பந்தத்தை எழுதினது நான். அவ முழுசாப் படிக்கக்கூட இல்ல."

ஏணிக்கு முன்னால் நின்று பேசுவதுபோலத்தான் அவளுக்கு முன்னால் நின்று பேசினான். ஏணி யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது?

குன்னெலின் விரல் விசையிலேயே நின்றுவிட்டது. பசை நீளமாக வழிந்து அவள் பூட்ஸின் மேல் விழுந்தது.

"குறி தப்புது போல. இந்த வேலைக்கெல்லாம் இளவயசு வேணும்."

அவள் பசையைத் துடைத்தாள். அவனுடைய பலகையின் பின்புறம் செங்குத்தாக ஐந்து கோடு இழுத்தாள். சுவரில் வைத்து அழுத்தினாள். மட்டம் பார்த்தாள். நகராமல் நாடாவால் இழுத்துக் கட்டினாள். மயிரிழை சாய்வில்லை. வேலையைக் கெடுத்துப் பழி தீர்ப்பது அரைகுறைகளின் புத்தி. அது அவனுக்குப் பொருந்தும், அவளுக்குப் பொருந்தாது.

"மத்ததுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டற டேப் போடலாம். ஆனா இந்தக் குளிர்ல அது பிடிக்காது. நாளைக்கே விழுந்துடும்."

"இன்னிக்குச் சாயந்திரம் வரைக்கும் நின்னாப் போதும். ரெண்டு மணிக்கு பேங்க்ல கையெழுத்து. முடிஞ்சதும் கூட்டிட்டு வந்து இதைக் காட்டணும், ஆசையா இருக்கா." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். "விழுந்தா ஒட்டினவங்க சரியில்லைன்னு உங்க மேல சொல்லிக்கறேன். கோவிச்சுக்காதீங்க."

"கோவம் என்ன" என்றாள் குன்னெல். "டேப் வண்டியில இருக்கு."

இரண்டாவது பலகையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு நடந்தாள். அவன் சுவருக்கு எதிரே தள்ளி நின்று தன் பெயரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். பலகையை மடியில் வைத்தாள். பல்லால் கடித்துக் கையுறையை இழுத்துக் கழற்றிவிட்டு, போனை எடுத்தாள். மணி ஒன்று பத்து.

"தோவா, பேங்குக்குப் போகாதே. எதுலயும் கையெழுத்துப் போடாதே."

மறுமுனையில் பேருந்தின் இரைச்சல் கேட்டது.

"ஏன், அம்மா?" என்றாள் தோவா.