மூன்றாவது குழு

வட்டவிதானை காலிதீன் தண்ணீர் விற்கிறார் என்பதில் அந்த வயல் வட்டையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆதாரம்தான் இல்லை.

வாய்க்காலின் தலைப்பில் இருந்த வயல்கள் பச்சையாக நின்றன. கடைசியில் இருந்த ஒன்பது வயல்களும் சிறுபோகப் பருவம் முழுக்க வெடித்துக் கிடந்தன. முறை வைத்துத் தண்ணீர் பிரிப்பது வட்டவிதானையின் வேலை. அதற்காகத்தான் அறுவடை முடிந்ததும் ஆளுக்கு ஆள் அவருக்கு நெல் அளந்து கொடுக்கிறார்கள். பிறகு வேறு யாரைக் கேட்பது?

கூடுதலாகக் கேட்டவர் விவசாயிகள் சங்கத் தலைவர் சீனித்தம்பி ஹாஜியார். அவருடைய மகள் அஸ்னா பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் விரிவுரையாளர். ஆராய்ச்சிக்காக அந்த வட்டையின் நாற்பத்து மூன்று வயல்களில் நீர்மட்டம் அளக்கும் கருவிகளை நட்டிருந்தாள்.

"கன்னக் கூட்டத்தில உன்ட கணினியச் சொல்லச் சொல்லு மகள்," என்றார் ஹாஜியார். "மனிசன் சொன்னா விரோதத்தில சொல்றான் என்பாங்க. கணினிக்கு யாரோட விரோதம்?"

அடுத்த போகத்துக்கு வட்டவிதானை யார் என்று, விதைப்புக்கு முன் விவசாயிகள் கூடும் அந்தக் கூட்டத்தில்தான் கை உயர்த்தித் தீர்மானிப்பார்கள். அஸ்னாவுக்கும் வாப்பா சொன்னது நியாயமாகவே பட்டது.

அவள் எடுத்துக்கொண்டதற்குக் கவுசியன் செயன்முறை என்று பெயர். வாப்பாவுக்கு அதை இப்படித்தான் விளக்கினாள். ஒவ்வொரு வயலின் தண்ணீரும் ஒரு வளைகோடு, ஏறும், இறங்கும். ஒரே மாதிரி ஏறி இறங்கும் வயல்களை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒரு பொதுக் கோடு போட்டு, இவ்வளவு தூரம் பிசகலாம் என்று கோட்டைச் சுற்றி ஒரு பட்டையும் போட வேண்டும். எந்த வயல் எந்தக் குழு என்று முன்கூட்டித் தெரியாது. அச்சொட்டான விடையைத் தேடினால் கணினி மாதக்கணக்கில் ஓடினாலும் முடியாது. அதனால் கிட்டத்தட்டச் சரியான ஒன்றை ஊகித்து, திருத்தி, மறுபடியும் திருத்தி, இனித் திருத்த ஒன்றும் இல்லை என்று வரும்வரை கொண்டுபோவது. எத்தனை குழு என்ற எண்ணை மட்டும் அவளே கொடுக்க வேண்டும்.

மூன்று என்று கொடுத்தாள். வியாழன் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் விடை நிலைத்து நின்றது.

முதற் குழுவில் முப்பது வயல்கள். முறை வரும் நாளில் நிரம்பி, மெல்ல வற்றுபவை. இரண்டாவதில் ஒன்பது. ஒருநாளும் நிரம்பாதவை. மூன்றாவதில் நாலே நாலு, தலைப்பில் உள்ள பெரிய வயல்கள். முறையில் ஒரு தரம் நிரம்பி, மூன்று நாள் கழித்து முறை இல்லாமலே இன்னொரு தரம் நிரம்புபவை.

கள்ளத் தண்ணீர் கண் முன்னால் ஏறி இறங்கியது. காலிதீன் அதை யாருக்கு விற்றார் என்பதுதான் பாக்கி. கணினிக்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும். அஸ்னா பெயர்ப் பட்டியலைத் திறந்தாள்.

மூன்று வயல்கள் சீனித்தம்பி ஹாஜியாருடையவை. நாலாவது, அவளுடைய சீதனக் காணி.

அவள் போய்க் கேட்டபோது வாப்பா பதறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும் காணி காய்ந்து கிடந்தால் நல்லாவா இருக்கும் என்றுதான் ஆள் விட்டு வாய்க்கால் வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பத் தொடங்கினாராம். பிறகு அது பழகிப் போயிற்றாம்.

"அப்ப காலிதீன் மாமா விக்கல்லயா?"

"வித்தாரென்டு நான் எப்ப சொன்ன? ஊர் சொல்லுது."

"நீங்க வெட்டுறது அவருக்குத் தெரியுமா, வாப்பா?"

"தெரிஞ்சா விட்டிருப்பாரா? சங்கத்தக் கூட்டி நம்மட மானத்த வாங்கியிருப்பாரு."

அஸ்னா திரும்பிப் போய்க் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். எத்தனை குழு என்று தீர்மானிப்பது ஆய்வாளரின் பொறுப்பு என்று பாடநூலிலேயே இருக்கிறது. நாலு வயல் ஒரு குழுவாக இருக்கப் போதாது என்றும் வாதிடலாம். போன மாதம்தான் இப்படி வாதிட்ட ஒரு மாணவிக்குப் புள்ளி குறைத்திருந்தாள்.

மூன்றை அழித்துவிட்டு இரண்டு என்று அடித்தாள்.

கணினி மறுபேச்சுப் பேசவில்லை. நாலு வயல்களும் நல்ல பிள்ளைகளாய் அந்த முப்பதோடு போய்ச் சேர்ந்தன. கோட்டைச் சுற்றியிருந்த பட்டை மட்டும் கொஞ்சம் அகலமானது.

கன்னக் கூட்டத்தில் சுவரில் படம் விழுந்தது. தண்ணீர் கிடைத்த வயல்கள் ஒரு நிறம், கிடைக்காதவை இன்னொரு நிறம். அஸ்னா யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை; எல்லாரும் காலிதீனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி வயல்காரரில் ஒருவரான கதிர்காமன் மட்டும் எழுந்தார்.

"எங்கட தண்ணி எங்கயோ போயிருக்கத்தானே வேணும், பிள்ளை. எங்க போனதெண்டு இது காட்டாதோ?"

"தரவில அது தெரியல்ல," என்றாள் அஸ்னா.

சொல்வதற்கு ஏதும் உண்டா என்று காலிதீனிடம் கேட்டார்கள். படிச்ச பிள்ளை சொன்ன பிறகு தான் என்ன சொல்ல என்று அவர் உட்கார்ந்துவிட்டார். கைகள் உயர்ந்தன. ஹாஜியாரின் கைதான் முதலில். பதினெட்டு வருட வேலை, தேநீர் ஆறுவதற்குள் போய்விட்டது.

கூட்டம் கலைந்தபோது அஸ்னா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். காலிதீன் அவளிடம்தான் வந்தார். ஏச்சு வாங்கத் தயாராக அவள் நிமிர்ந்தாள்.

அவர் பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்த நாலு காணியையும் சொல்லாம விட்டது நல்லம், மகள். உங்களுக்குக் கலியாணம் பேசின காலத்தில இருந்து நானும் அதத்தான் செஞ்சன்."